லெட்சுமணன் கையில் பெய்த மழை

சேதி முட்டைக்கோஸ் லாரியில் வந்தது. கோலா தெர்லாவில் என் மகன் தோட்டத்தில் கூடைகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். லாரிக்காரர் இறங்கி வந்தார், சிகரெட்டைக் காலில் போட்டு மிதித்தார். "பெரியவரே, உங்க சகலை காலையில தவறிட்டாராம் லா. தேயிலைத் தோட்டத்துல சொல்லிவிட்டாங்க," என்றார். கையிலிருந்த கூடையை நான் கட்டி முடித்தேன். அழுகை உடனே வரவில்லை. இதிலும் முந்திக்கொண்டானே என்றுதான் முதலில் தோன்றியது.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். லெட்சுமணனைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். அவன் பேச்சுக்குச் சிரித்தவர்கள், அவனோடு கை குலுக்கியவர்கள். அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல உங்களில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கரண்ட் சோதனை நடந்த அறையில் அவனோடு இருந்தவன் நான் ஒருத்தன்தான். அதை நடந்தபடி சொல்ல இனி வேறு ஆள் இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அக்காள் பாக்கியத்தை நான் கட்டினேன். தங்கை ராஜம்மாவை அவன் கட்டினான். மாமனார் வீட்டுக்கு நான் போனால் "வாங்க" என்பார்கள். அவன் போனால் கோழி அடிப்பார்கள். மூத்த மாப்பிள்ளை நான் என்பது கோழிக்கும் தெரியவில்லை, மாமியாருக்கும் தெரியவில்லை. என்ன செய்வது, அவன் வாய் அப்படி. ஒன்றுமில்லாத விஷயத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு லயத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் வாசலுக்கு இழுத்துவிடுவான். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், சொல்லத்தான் வராது. நான் சொன்னால் நடுவிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

கையால் கொழுந்து கிள்ளுவதை நிறுத்திவிட்டு எங்கள் தோட்டத்தில் கத்தரி கொடுத்த வருஷங்கள் அவை. இரண்டு கையாலும் பிடிக்கிற பெரிய கத்தரி. வெட்டின கொழுந்து அதில் மாட்டிய தட்டில் விழும். தட்டு நிறைந்ததும் தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குள் வீச வேண்டும். காலைப் பனியில் பிடித்தால் மாலை வரை கை திறந்து திறந்து மூடும். எங்கள் கூட்டத்தில் வேகமாக வெட்டியவன் நான். கங்காணியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். ஆனால் துரை வந்து நின்று பார்த்தது அவனை. வெட்டும்போது பாட்டும் பேச்சுமாக இருந்தால் துரை அங்கேதானே நிற்பார்.

அவனுக்கு விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. கட்டை விரல், அடுத்த இரண்டு விரல். எரிகிறது என்பான், கையை உதறுவான். மலையில் கை எரிந்தால் நாங்கள் செய்வது ஒன்றுதான். ஓடைத் தண்ணீரில் முக்கி எடுப்போம். எனக்கும் வலிக்கத்தான் செய்தது. நானும் முக்கினேன். யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு நாள் வேலை இடைவேளையில் பீடி பற்ற வைக்க அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்தான். பேசிக்கொண்டே பிடித்திருந்தான்.

"யோவ், கை கருகுதுய்யா," என்றார் கங்காணி.

அவன் குனிந்து பார்த்தான். விரலில் தோல் வெந்து சுருண்டிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. கொள்ளியைக் கீழே போட்டான். பிறகு சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சுட்டது தெரியாத கை என்றால் தோட்டத்தில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வியாதியின் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "பெரிய வியாதி" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து அவன் பிடித்த கத்தரியை இன்னொருவர் தொடவில்லை. அவன் வாசலில் விளையாடிய பிள்ளைகளைத் தாய்மார்கள் கூப்பிட்டுக்கொண்டார்கள். கோயிலில் அவன் நின்ற இடத்தைச் சுற்றி இடம் விட்டு நின்றார்கள். அவன் மகள் கமலாவுக்குத் திரிங்காப்பில் பூந்தோட்டம் வைத்திருந்த ஒரு வீட்டில் பேசி முடித்திருந்தது. அவர்கள் "கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லியனுப்பினார்கள். பெரிய வியாதி என்று ஆகிவிட்டால் கமலாவுக்குக் கல்யாணம் இல்லை, இவனுக்கு லயத்தில் வீடு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் பார்த்துவிட்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் உடம்பு முழுக்கப் பார்த்தார். தோலில் தேமல் எதுவும் இல்லை என்றார். ஆனாலும் நரம்பில் கரண்ட் வைத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அந்த மிஷின் கீழே பட்டணத்தில்தான் இருக்கிறது என்று அனுப்பிவைத்தார்.

"நீங்க கூடப் போங்க," என்றாள் பாக்கியம்.

"எனக்குந்தான் கை வலிக்குது. எனக்குக் கூட யார் வருவா?"

"உங்களுக்குச் சோறு பிசைய வருதுல்ல. போங்க."

போனேன்.

மலையை விட்டு இறங்க இறங்க வெக்கை ஏறியது. எங்களுக்கு அது ஆகாது. பட்டணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் விரல் எரிகிறது என்று துடித்தான். ஆஸ்பத்திரி வாசலில் தண்ணீர்க் கடை ஒன்று இருந்தது. அங்கே போய் ஆயிர் பத்து கேட்டு வாங்கினான். உடைத்த ஐஸ் கட்டி, இரண்டு பிளாஸ்டிக் பை நிறைய. கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டான். எரிச்சல் அடங்கிய பிறகும் விடவில்லை.

"போதும் சகலை, கை விறைச்சிடும்," என்றேன்.

"உனக்கென்ன தெரியும்? இப்ப கரண்ட் வைக்கப்போறாங்க. பேக்டரியில மோட்டார் சூடானா என்ன ஆகுது? தொட்டா தூக்கி அடிக்குது. கையைக் குளிர வச்சா ஷாக் ஏறாது லா."

"கையும் மோட்டாரும் ஒண்ணா?"

"ரெண்டுலயும் கரண்டு ஓடுதுல்ல?"

கூப்பிடும் வரைக்கும் பெஞ்சில் ஐஸைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். உள்ளே போகும்போது பைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

உள்ளே இருந்தது ஒரு டாக்டரம்மா. தமிழ்ப் பெண்தான். "ஐயா, பயப்படாதீங்க. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்," என்றார். அவனை ஐயா என்றார். என்னைப் பார்த்து, "நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க," என்றார்.

அவன் விரலில் மோதிரம் மாதிரி கம்பிச் சுருள் மாட்டினார். கட்டை விரல் அடிச் சதையில் ஒரு தகடு ஒட்டினார். ஒரு சின்னக் குச்சியை மணிக்கட்டில் வைத்துத் தட்டினார். விரல் தானாகத் துள்ளியது. பிறகு முழங்கையில் வைத்துத் தட்டினார். பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் பச்சைக் கோடு ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. கரண்ட் நரம்பு வழியாகப் போய்ச் சேர்ந்ததும் கோடு மேடு கட்டும். மேடு சீக்கிரம் வந்தால் நரம்பு நன்றாக இருக்கிறது, பிந்தி வந்தால் கோளாறு. அவரே அவனுக்குச் சொன்னார். எனக்கும் காதில் விழுந்தது.

எல்லா மேடும் பிந்தி வந்தது. வலது கை, இடது கை, மரத்த விரல், மரக்காத சுண்டு விரல், எல்லாம். டாக்டரம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். காலைத் தொட்டுப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா. அதுதானா?" என்றான் லெட்சுமணன். அவன் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை.

"ஒரு நரம்பு மட்டும் மெதுவா இருந்தா நசுங்கியிருக்குன்னு சொல்லிடுவேன். உங்களுக்கு எல்லாமே மெதுவா இருக்கு. நீங்க பயப்படுற வியாதியும் மாத்திரையில தீர்றதுதான் ஐயா. ஆனா இன்னும் நான் எதுவும் சொல்லலை."

மாத்திரையில் தீரும் என்பது டாக்டருக்குத் தெரியும். திரிங்காப்காரர்களுக்குத் தெரியாதே. அவன் சுவரைப் பார்த்தான். கமலாவைத்தான் நினைத்திருப்பான்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கத்தரி வேலையா? வயசும் இவர் வயசுதானே? உங்க கையைக் கொஞ்சம் குடுங்க, ஒப்பிட்டுப் பார்க்கணும்."

அன்றைக்கு முதல் தடவையாக என்னை ஒருத்தர் கூப்பிட்டது அது. கையை நீட்டினேன். குச்சியை வைத்துத் தட்டினார். கோடு துள்ளிக்கொண்டு மேடு கட்டியது. இன்னொரு தடவை தட்டினார், அதே மாதிரி. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தபடியே இன்னொரு கையால் அவன் கையைப் பிடித்தார். "இது ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?" என்றார்.

நான்தான் சொன்னேன். "ஆயிர் பத்து பிடிச்சிருந்தான் டாக்டர். ரெண்டு கையிலயும். ரொம்ப நேரமா."

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான்தான் சொன்னேன்.

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு டாக்டர்கள் எட்டிப் பார்த்தார்கள். "குளிர்ந்த கையில நரம்பு மெதுவாத்தான் ஓடும் ஐயா. நல்ல நரம்பே தூங்கிடும்," என்றார். வெந்நீர் வரவழைத்தார். பேசினில் இரண்டு கையையும் முழங்கை வரை முக்கி உட்கார வைத்தார். தோல் சிவக்கிற வரைக்கும் இருந்தான். மறுபடி தட்டினார். சுண்டு விரல் நரம்பு ஓடி வந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எல்லாம் ஒழுங்காக வந்தது. மணிக்கட்டைத் தாண்டி கட்டை விரலுக்குப் போகிற அந்த ஒரே நரம்பு மட்டும் அங்கேயே தயங்கித் தயங்கி வந்தது.

"இங்கதான். மணிக்கட்டுல ஒரு குறுகலான சந்து இருக்கு. அதுக்குள்ள நரம்பு நசுங்குது. கத்தரி வேலைதான் காரணம். நீங்க பயந்தது இல்லை ஐயா."

லெட்சுமணன் அழுதான். கை ஈரமாக இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. என் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சதை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அவன் கட்டை விரல் சதையில் ஒரு மெல்லிய ஊசியைக் குத்தினார்கள். அந்த ஊசியில் கம்பி, கம்பி போகிற பெட்டியில் ஒலிபெருக்கி. கையை அசைக்காமல் வைக்கச் சொன்னார். அசைக்காத கையிலிருந்து சத்தம் வந்தது. லயத்துத் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம். நரம்பு வராமல் போன சதை தானாகத் துடிக்கிறபோது இப்படிக் கேட்கும் என்றார் டாக்டரம்மா. எட்டிப் பார்த்த டாக்டர்கள் உள்ளேயே வந்து நின்று கேட்டார்கள். அவன் தலையைத் தூக்கி, "எங்க வீட்டுக் கூரை மாதிரியே இருக்கும்மா," என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். கொஞ்சம் முன்னால்தான் அழுதிருந்தான், பாருங்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், எனக்கும் வலிக்குது. எனக்கும் குத்திப் பாருங்க," என்றேன். வேண்டாம் என்றார். நான் விடவில்லை. வேறு ஊசி எடுத்துக் குத்தினார். வலித்தது. அசைக்காமல் வைத்தேன். எல்லாரும் காத்திருந்தார்கள். பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"சதை அமைதியா இருக்கு. நல்ல கை," என்றார் டாக்டரம்மா.

"சகலை, ஒரு தூறல்கூட இல்லையே லா," என்றான் அவன்.

பிறகு மணிக்கட்டில் சின்னதாகக் கீறி அவனுக்குச் சரி செய்தார்கள். விரலுக்கு உணர்வு வந்தது. திரிங்காப்காரர்கள் வந்தார்கள், கமலா கல்யாணம் நடந்தது. துரை அவனைக் கத்தரியிலிருந்து எடுத்து நாற்றுப் பண்ணையில் போட்டார். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. நானும் கை வலிக்கிறது என்று தோட்ட ஆபீஸ் கிராணியிடம் போய் நின்றேன். "உன் கைதான் நல்ல கைன்னு மிஷினே சொல்லிருச்சே முனியாண்டி. அப்புறம் என்ன லா?" என்றார். லெட்சுமணன் அவரிடமும் சொல்லியிருந்தான். வேலையை விட்டு நிற்கிற வரைக்கும் அந்த நல்ல கையோடு கத்தரி பிடித்தேன். வலிக்காத நாள் கிடையாது. மழை பெய்தவனுக்கு நிழல். எனக்கு வெயில்.

இந்தக் கதையை அவன் சொல்லாத இடம் இல்லை. நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். கோயில் திருவிழாவில், தானா ராத்தா காபிக் கடையில், புதிதாக வந்த பள்ளிக்கூட வாத்தியாரிடம், லாரிக்காரர்களிடம். ஆனால் நீங்கள் கேட்ட கதையில் நான் எங்கே? முதலில் சொன்னபோது "சகலை கூட வந்தாரு" என்று இருந்தது. பிறகு "கூட ஒரு ஆள் வந்தாரு" என்று ஆனது. கடைசியில் அதுவும் போய்விட்டது. டாக்டரம்மாவே ஐஸைக் கண்டுபிடித்துவிட்டார். கதை நன்றாகத்தான் இருந்தது. நான் இல்லாமல் இன்னும் வேகமாக ஓடியது. அதுதான் எனக்கு எரிந்தது.

ஒரு தடவை நேராகவே கேட்டுவிட்டேன். தானா ராத்தாவில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு கடைக்காரரிடம் முழுக் கதையையும் சொல்லி முடித்திருந்தான். அவர் போனதும், "ஏன் சகலை, பெருமையா இது? பாக்கிறவன்கிட்ட எல்லாம் சொல்லணுமா?" என்றேன்.

அவன் வலது கையை விரித்துக் காட்டினான். விரலுக்கு உணர்வு வந்ததே தவிர, கட்டை விரல் அடியில் சதை திரும்ப ஊறவில்லை. அங்கே குழிந்துதான் இருந்தது.

"காசு குடுக்கும்போது அந்த ஆளு கண்ணு இங்கதான் வந்துச்சு. எல்லார் கண்ணும் முதல்ல இங்கதான் வரும். அவங்க மனசுக்குள்ள ஒண்ணு நினைக்கிறதுக்கு முன்னாடி நான் சொல்லிச் சிரிக்க வச்சிடணும். நீ ஒரு நாளாவது உன் கையைப் பத்தி யாருக்காவது பதில் சொல்லியிருக்கியா? கையை வீசிக்கிட்டுப் போற. உன்னைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும் சகலை. இன்னிக்கும் எரியுது."

பஸ் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக வயிறு எரிந்தது நான். அது ஒன்றாவது எனக்கென்று இருந்தது என்று நினைத்திருந்தேன். அதிலும் அவனே பெரியவன் என்று ஆகிவிட்டது. சீட்டில் அவனுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது.

அவன் கருமாதிக்குப் போயிருந்தேன். அவன் இளைய மகன் சேகருக்கு ஈப்போவில் பெண் பேசியிருக்கிறார்கள். பெண்ணின் அம்மா வந்திருந்தார்கள். கீழே பட்டணத்து மனுஷி, லெட்சுமணனை நேரில் பார்த்ததில்லை. ராஜம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மாள் டம்ளரைக் கையில் எடுத்தார்கள், வாய் வரை கொண்டுபோனார்கள், பிறகு மெதுவாகத் தரையில் வைத்துவிட்டார்கள். ராஜம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்கள். "தப்பா நினைக்காதீங்க. மாப்பிள்ளையோட அப்பாவுக்குக் கையில ஏதோ பெரிய வியாதி இருந்துச்சாமே. வர்ற வழியில ஒருத்தர் சொன்னாங்க. பொண்ணைக் குடுக்கிற வீடு, கேக்காம இருக்க முடியலை."

வாசலைப் பார்த்தேன். சேகர் பந்தலில் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டியவன் படத்தில் மாலையோடு இருந்தான்.

நான் ஆரம்பித்தேன். என் மாதிரிச் சொன்னால் அந்த அம்மாள் நடுவிலேயே எழுந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவன் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினேன். அவன் கையை விரிக்கிற இடத்தில் என் கையை விரித்தேன். மோட்டாரைச் சொன்னேன், ஐஸைச் சொன்னேன், டாக்டரம்மா சிரித்ததைச் சொன்னேன். அந்த அம்மாள் முதலில் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சாவு வீடாயிற்றே. பிறகு அடக்க முடியாமல் சிரித்தார்கள். உள்ளேயிருந்து ராஜம்மா நிலைப்படிக்கு வந்து நின்று கேட்டாள்.

முடித்ததும் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆடை படிந்திருந்த காபியை எடுத்து முழுக்கக் குடித்தார்கள். டம்ளரை வைத்துவிட்டு, "நல்லாச் சொன்னீங்க. நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார்கள்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சொன்ன கதையில் நான் ஒரு இடத்திலும் இல்லை.

"சகலை," என்றேன்.

அவன் வைத்துவிட்டுப் போனதில் ராஜம்மாவுக்கு வருவது வந்தது, பிள்ளைகளுக்கு வருவது வந்தது. எனக்கு வந்தது இந்த வேலை. அவன் கை சுத்தமான கை என்று, கேட்கிறவர்களுக்கு எல்லாம், அவர்கள் சிரிக்கும்படி சொல்ல வேண்டும். சேகர் கல்யாணத்தில் ஈப்போக்காரர்கள் இன்னும் நிறையப் பேர் வருவார்கள். நான் சீக்கிரமே போய் முன் வரிசையில் உட்கார்ந்துகொள்வேன்.